மகன் என்ற அடைப்புக்குறி

உதயரூபனை எனக்குப் பிடிக்காது. அவருக்கும் என்னைக் கண்ணில் காட்டக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ நல்ல மனசில் எல்லாம் செய்தேன் என்று பிறகு யாரும் நினைக்கக் கூடாது. நான் செய்தது முழுவதும் கோபத்தில் செய்தது.

2009 செப்டெம்பர் மாதம். சண்டை முடிந்து நாலு மாதம். சுனாமிக் கடல் வந்து போய் ஐந்து வருடம் ஆகப் போகிறது. மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்த ஒரு மேல்மாடியில் எங்கள் கந்தோர், சின்ன அலுவலகம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், ஷெல்லடியில் வீடு உடைந்தவர்களுக்கு ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் புது வீடு கட்டிக் கொடுக்க இருந்தது. யார் யாருக்கு என்று பட்டியல் எடுத்துக் கொடுப்பது எங்கள் ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பட்டியலில் பேர் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை. யோசேப்பு சேர் முதலாளி. நான் புரோகிராம் எழுதுபவள். என் பேர் டினுஷா, இருபத்தெட்டு வயது, பட்டணத்துக்காரி. உதயரூபன் வெளிக்கள அலுவலர். சைக்கிளில் வளவு வளவாக, ஒவ்வொரு வீட்டுக் காணியாகப் போய் ஆட்களின் விபரம் எழுதிக்கொண்டு வருபவர். படுவான்கரை ஆள், முப்பத்தாறு வயது இருக்கும். கந்தோருக்குள் வந்தால் செருப்பு மண்ணைத் தரையெல்லாம் கொட்டி, என் மேசையில் பைலை எறியாத குறையாக வைப்பார்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படித்தான் வைத்தார்.

"முப்பத்தெட்டுக் குடும்பம் பட்டியல்ல இல்ல மிஸ். உங்கட மெஷின் விழுங்கிட்டு."

"மெஷின் ஒண்டையும் விழுங்காது. நீங்க எழுதினதத்தான் அது வாசிக்கும்."

"நான் எழுதித்தான் இருக்கன். ஒரு வளவு விடல்ல."

"அப்ப அடைப்புக்குறிய ஒழுங்கா மூடியிருக்க மாட்டீங்க."

இந்த அடைப்புக்குறியை விளங்கப்படுத்த வேண்டும். நிறுவனம் முதலில் தந்த படிவத்தில் ஒரு வரிக்கு ஒரு குடும்பம். எங்கள் பக்கத்தில் அது சரிவராது. கலியாணம் முடித்த மகள் தாய் கொடுத்த வீட்டில் இருப்பாள். தாயும் தகப்பனும் அதே வளவில் பின்னால் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்கியிருப்பார்கள். மகளின் மகளும் முடித்துவிட்டால் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு வீடு. குடும்பத்துக்குள் குடும்பம், அதற்குள் குடும்பம். ஆகவே நான் ஒரு சின்ன மொழி செய்தேன். வளவு என்று எழுதி அடைப்புக்குறியைத் திறக்க வேண்டும். அதற்குள் தாய், தாய்க்குள் மகள், மகளுக்குள் அவள் பிள்ளைகள். திறந்ததை எல்லாம் மூட வேண்டும். வெளிக்கள ஆட்கள் இப்படி எழுதி வருவதைத் தட்டச்சுச் செய்து கம்பைலர் என்று நான் எழுதிய புரோகிராமுக்குள் விட்டால் அது வாசித்து, கிளை கிளையாக ஒரு மரம் கட்டும். பட்டணத்தில் இப்படி ஒன்றை எழுதக்கூடிய ஆள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது.

மரம் கட்டி முடிந்ததும் அதற்குள் ஆட்களை அனுப்ப வேண்டும். ஆட்கள் என்றால் நான் எழுதும் சின்னப் புரோகிராம்கள்தான்; எங்கள் தொழிலில் இவர்களை விசிட்டர் என்போம். ஒரு வீட்டுக்கு மீற்றர் பார்க்கிறவர் வருவார், நுளம்பு மருந்து அடிக்கிறவர் வருவார், வாக்காளர் பட்டியல் எடுக்கிறவர் வருவார். வீடு அதேதான். நான் இன்ன வீடு, எனக்குள் இன்னார் இருக்கிறார்கள், வாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டால் வீட்டின் வேலை முடிந்தது. உள்ளே போய் என்ன செய்வது என்பது வந்தவரின் பாடு. என் கம்பைலரில் இப்படி ஏழு விசிட்டர். ஒருவர் ஆட்களை எண்ணுவார், ஒருவர் உடைந்த சுவரைப் பதிவார், ஒருவர் யாருக்கு வீடு என்று தீர்மானிப்பார், கடைசி ஆள் பட்டியலை எழுதுவார். நாளைக்கு எட்டாவது ஒருவரை அனுப்ப வேண்டுமென்றாலும் மரத்தில் ஒரு இலையைக்கூடத் தொடத் தேவையில்லை.

இன்னொரு வசதியும் வைத்திருந்தேன். இரண்டு சரிவுக் கோடு போட்டால் அதற்குப் பின்னால் அந்த வரியில் எதையும் எழுதலாம். அது எழுதுகிறவரின் சொந்தக் குறிப்பு. மரம் கட்டுவதற்கு முன்னமே கம்பைலர் அதை வெட்டி எறிந்துவிடும். மற்றவர்கள் 'நாய் கடிக்கும்', 'கிழவருக்குக் காது கேளாது' என்று ஒரு சொல் இரண்டு சொல் எழுதுவார்கள். உதயரூபன் கோடு மேல் கோடு போட்டுப் பத்தி பத்தியாக எழுதுவார். தட்டச்சுச் செய்கிற ஜோசப்பினுக்கு அவர் பைல் வந்தாலே முகம் கறுக்கும்.

"கதை எழுதுறார் அக்கா, கதை" என்பாள்.

"தட்டு, தட்டு. மெஷின் எப்படியும் குப்பையிலதான் போடும்" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். ஒரு நாளும் நான் அந்தக் கதையை வாசித்ததில்லை.

அன்றைக்கு அவர் முப்பத்தெட்டுக் குடும்பத்தின் பேரையும் ஒரு தாளில் எழுதி வந்திருந்தார். "இது எல்லாம் ஒரே மாதிரி ஆக்கள் மிஸ், ஒருக்கா நான் சொல்றத—" என்று தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டுத் தாளை வாசித்தேன். பன்னிரண்டாவது வரியில் என் கண் நின்றது. வளவு, இராசாத்தி. மகன், உதயரூபன். பிள்ளை, கஜானி.

"இது யாரு?"

"நான்தான்."

"உங்கட பேர நீங்களே எழுதிக்கொண்டு வந்திருக்கீங்க."

"என்ட தாய்ட வளவு. அதுக்குள்ள நான் இருக்கன். மறுகா யார்ட பேரப் போடுற?"

தன் சொந்தக்காரர் பட்டியலில் வந்தால் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் முதல் விதி. எனக்கு அது நெஞ்சில் தேன் வார்த்த மாதிரி இருந்தது. இவ்வளவு நாளும் என் கம்பைலரைக் குறை சொன்ன ஆளின் குடுமி இப்போது என் கையில். எழும்பி நின்று எல்லாருக்கும் கேட்கத்தான் கத்தினேன்.

"சேர், வந்து பாருங்க! வேலியே பயிர மேயுது. தன்ட பேர ஏத்திப்போட்டு என்ட மெஷினில பழி போடுறார்."

யோசேப்பு சேர் அறைக்குள்ளிருந்து வந்தார். தாளைப் பார்த்தார். "எழுத்தில அறிவிச்சீங்களா உதயரூபன்?"

"எழுதினன் சேர். பைலோடதான் இவங்களிட்டக் குடுத்தன்."

"எனக்கு ஒரு கடுதாசியும் வரல்ல" என்றேன்.

"நல்லாப் பாருங்க மிஸ்."

"வரல்ல எண்டா வரல்ல."

உதயரூபன் சேரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "என்ட மகளுக்குப் பதினொரு வயசு. அவட தாய்ட வீடு நாவலடியில, கடலோட போயிட்டு. என்ட தாய்ட வீடு ஷெல்லோட போயிட்டு. வீடில்லாத பொம்புளப் புள்ளைய எங்கட பக்கத்தில யார் முடிப்பான்? உங்களுக்கு ஒரு வீடு இருக்கு மிஸ். அதாலதான் நாக்கு இவ்வளவு நீளுது."

அது எனக்குச் சுட்டது, ஏனென்றால் உண்மை. அம்மாவின் வீடு நான் பிறந்த நாளிலிருந்தே என்னுடையது. என் இரண்டு அண்ணன்மாரும் பெண்சாதிகளின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு இன்னும் மாப்பிள்ளை வரவில்லையே தவிர வீடு ரெடி.

"கதை எல்லாரிட்டயும் இருக்கு" என்றேன்.

இதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடிக்க வேண்டும்போல் இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. அன்று பின்னேரமே முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். வெளிக்கள அலுவலர் அறிவிக்காமல் தன் குடும்பத்தைச் சேர்க்கப் பார்த்தார் என்று ஒரு பக்கம். கீழே என் கையெழுத்து. சேர் அதை நிறுவனத்துக்கு அனுப்பினார். புதன்கிழமை உதயரூபனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு நான் விட்டிருக்கலாம். கோபம் விடவில்லை. அந்த முப்பத்தெட்டும் பொய்க் குடும்பங்கள், அப்படி யாரும் மரத்திலேயே இல்லை என்று அச்சில் எடுத்துக் காட்ட வேண்டும் என்று பிடிவாதம். வியாழக்கிழமை காலை எட்டாவது விசிட்டரை எழுதினேன். அதற்கு வேறு வேலை கிடையாது. ஒரு அடைப்புக்குறி விடாமல் எல்லாவற்றுக்குள்ளும் போக வேண்டும். மற்ற ஏழு பேரும் கால் வைக்காத இடம் இருந்தால் குறித்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு 'உதயரூபன்' என்று பேர் வைத்தேன். நக்கலுக்குத்தான் வைத்தேன். ஜோசப்பினுக்கும் காட்டிச் சிரித்தேன்.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஓடவிட்டேன். அச்சில் மூன்று தாள் வந்தது. முப்பத்தெட்டுக் குடும்பம், நூற்று இருபத்தொரு ஆள். அத்தனை பேரும் மரத்தில் இருந்தார்கள். அடைப்புக்குறிகள் ஒழுங்காக மூடியிருந்தன. என் ஏழு விசிட்டரும் ஒவ்வொரு வாசலுக்கும் போய், உள்ளே போகாமல் திரும்பி வந்திருந்தார்கள். முப்பத்தெட்டு வாசலிலும் ஒரே சொல்: மகன்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. மார்ச் மாதம் பரீட்சித்துப் பார்க்க எங்கள் வளவையே எழுதினேன். எத்தனை பிள்ளை என்று கேட்டால் அம்மா மூன்று என்பார். அன்ரோ அண்ணன் வாழைச்சேனையில் பெண்சாதி வீட்டுக்குப் போய் ஒன்பது வருடம், ஆனாலும் அம்மாவின் கணக்கில் அவர் இங்கேதான். அங்கேயும் எண்ணுவார்கள், இங்கேயும் எண்ணினால் ஒரு ஆள் இரண்டாகிவிடும். ஆகவே ஏழு விசிட்டருக்கும் பொதுவான இடத்தில் ஒரு வரி எழுதினேன்: கலியாணம் முடித்த மகன் என்றால் உள்ளே போகாதே. யாரிடமும் கேட்கவில்லை. முடித்த ஆம்பிளை பெண்சாதி வீட்டில் இருப்பான் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கொழும்பிலிருந்து ஒருவன் வந்து எழுதியிருந்தால் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். நான் இந்த ஊர்க்காரி, அதனால் விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தபோது வீட்டில் நின்றது பெண்கள். வீடும் அவர்களுடையது. பெண்சாதியும் போய், மாமியும் போய், வீடும் போன ஆம்பிளைகள் மிஞ்சிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாயின் வளவுக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்களை எண்ணுவதற்குப் பெண்சாதி வீடு என்று ஒன்று இல்லை. தாய் வீட்டில் நான் கதவைப் பூட்டி வைத்திருந்தேன்.

கம்பைலருக்குள் போகும் முன்னர் ஜோசப்பின் தட்டியிருந்த மூலப் பைலைத் திறந்தேன். சரிவுக் கோடுகளுக்குப் பின்னால் நாங்கள் சிரித்த கதையெல்லாம் அங்கே கிடந்தது. 'இவர் முடித்தவர்தான், ஆனால் மனைவி கடலில் போய்விட்டார். பிள்ளைகள் இரண்டும் இங்கே. தவறவிட வேண்டாம்.' அடுத்த வளவில், 'மனைவி, மாமி, கைக்குழந்தை மூவரும் இல்லை. மனிதர் கதைக்கிறார் இல்லை, தாய்தான் சொன்னார்.' முப்பத்தெட்டு இடத்திலும் இருந்தது. இராசாத்தியின் வளவுக்குப் போனேன்.

'இது என் தாயின் வளவு. இந்த மகன் நான்தான். நானே எழுதுவது முறையில்லை. வேறு ஒருவர் வந்து பார்த்து எழுதினால் நல்லது. இதை என் அறிவித்தலாக எடுக்கவும். சி. உதயரூபன், 22.05.2009.'

அறிவித்திருக்கிறார். நாலு மாதத்துக்கு முன்னமே, என் மொழியில் அவருக்கு நான் விட்டுவைத்த ஒரே இடத்தில் எழுதியிருக்கிறார். வெட்கத்தில் என் காது இரண்டும் கொதித்தது. அப்போதுகூட, இந்த மனுஷன் ஒரு தனித் தாளில் எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவர் மேல்தான் கோபம் வந்தது. என் புத்தி அப்படி.

யோசேப்பு சேருக்குச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்ப பட்டியலத் திறந்தா முழுசையும் சந்தேகப்படுவாங்க புள்ள. அடுத்த முறை பாப்பம்."

"நீங்க திறக்காட்டி நான் பைலத் தூக்கிக்கொண்டு அவங்களிட்டயே போவன் சேர்."

"என்னோடயும் சண்டைதானா?"

"ஓம் சேர்."

கடைசியில் இறங்கி வந்தார். முப்பத்தேழையும் திருத்தலாம், ஆனால் உதயரூபனின் குடும்பத்துக்கு மேல் முறைப்பாடு கிடக்கிறது. அவர் எழுதிய படிவம் செல்லாது. வேறு ஒருவர் போய்ப் பார்த்து எழுதிக் கையெழுத்து வைத்தால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்றார். மற்ற வெளிக்கள ஆட்கள் இரண்டு பேரும் வாகரைப் பக்கம் நின்றார்கள். நான் போகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மண்முனைத் துறையில் பாதை ஏறினேன். வாவியைக் கடக்க அங்கே பாலம் இல்லை. சைக்கிளும் மாடும் மனிதரும் ஒன்றாக நிற்கிற ஒரு மிதக்கும் தட்டு, அதைத்தான் பாதை என்போம். இருபத்தெட்டு வருடம் இந்த வாவியைப் பார்த்துக்கொண்டு இருந்தவள், அதைக் கடந்தது அன்றைக்கு மூன்றாம் தரமோ நாலாம் தரமோ. கொக்கட்டிச்சோலைக்கு அங்காலே ஒரு ஆட்டோ பிடித்து, கேட்டுக் கேட்டு அவர் வளவுக்குப் போனேன். கூரையில்லாத சுவர் நாலு. அதற்குப் பக்கத்தில் தறப்பாள் கட்டின கொட்டில். வேலியில் வாசலாக விட்ட கடப்படியில் குறுக்கே ஒரு கம்பு போட்டிருந்தது. உதயரூபன் உள்ளே நின்று தறப்பாளின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"என்ன மிஸ், வேலையால நிப்பாட்டினது காணாதா?"

"உங்கட குறிப்ப வாசிச்சன்."

"எப்ப?"

"நேற்று."

"நாலு மாசமா எழுதுறன்."

"பிழை என்ட. மகன் எண்டா உள்ளுக்குப் போகாத மாதிரி நான்தான் எழுதினன். முப்பத்தேழு குடும்பமும் இண்டைக்கு ஏறும். உங்கடத வேற ஆள் வந்து எழுதணும். அதுக்குத்தான் வந்தன்."

"வேற ஆள் எண்டு நான் எழுதினது மனுஷர மிஸ்."

கொட்டிலுக்குள்ளிருந்து அவர் தாய் இராசாத்தி எட்டிப் பார்த்து, "வந்தவங்கள வெயில்ல நிப்பாட்டி வெச்சிக் கதைக்கிறயா மனே, கம்பத் தூக்கு" என்றார். அவர் தூக்கவில்லை. நானே குனிந்து கம்புக்குக் கீழால் நுழைந்தேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கதிரை தரவில்லை, குத்துக்கால் போட்டு இருந்து மடியில் தாளை வைத்து எழுதினேன். வளவு, இராசாத்தி. அவருக்குள் மகன், உதயரூபன், முடித்தவர். மகள் கஜானி தகப்பனுக்குப் பின்னால் நின்று என் பேனாவைப் பார்த்தாள். சப்பாத்து காயவில்லை என்று அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லையாம்.

"மனைவி சுலோஜனா" என்றார்.

கை தன்பாட்டில் இரண்டு சரிவுக் கோட்டைப் போட்டது. அவர் குனிந்து என் பேனாவைப் பிடித்துவிட்டார்.

"அந்தக் கோட்டுக்குப் பின்னால அவளைப் போடாதீங்க. அத உங்கட மெஷின் வாசிக்காது."

"உயிரோட இல்லாத ஆளுக்கு அடைப்புக்குறி இல்ல."

"அப்ப செய்யுங்க. உங்கட மொழிதானே."

கோட்டை வெட்டினேன். மனைவி, சுலோஜனா, இறந்தவர், 26.12.2004 என்று ஒரு அடைப்புக்குறியைத் திறந்து மூடினேன். அதற்குப் பிறகு, மகள் கஜானி. அவள் தன் பேரை எட்டி வாசித்துப் பார்த்தாள்.

"எங்களுக்கு வீடு வருமா மிஸ்?"

"வரும்" என்றேன்.

உதயரூபன் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கந்தோருக்கு வரும்போது பன்னிரண்டரை. எழுதியதை உள்ளே விட்டதும் கம்பைலர் நின்றுவிட்டது. அறியாத சொல், மனைவி, வரி நாலு. மரத்துக்கு அப்படி ஒரு கிளை தெரியாது. என்னுடைய முறையின் அழகைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதன் மறுபக்கம் இது. புதிதாக ஒரு விசிட்டரைச் சேர்ப்பது சுலபம். மரத்தில் புதிதாக ஒரு ஆளைச் சேர்த்தால், இருக்கிற அத்தனை விசிட்டரையும் திறந்து, இந்த ஆளைக் கண்டால் நீ என்ன செய்வாய் என்று ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டும். எண்ணுகிறவர் சுலோஜனாவை எண்ணக் கூடாது. உடைந்த வீட்டைப் பார்ப்பவர் அவள் வீடு இருந்த இடத்தைப் பதிய வேண்டும். தீர்மானிப்பவர் அவளைக் கண்டால் மகனின் கதவைத் திறந்து உள்ளே போக வேண்டும். பெண்சாதி உயிரோடு இருக்கிற மகன்மாரை முன்பு போலவே விட்டுவிட வேண்டும். இறந்துபோன ஒரு பெண்ணை என்ன செய்வது என்று எட்டுத் தரம் எனக்கு நானே கேட்டு எட்டுத் தரம் எழுதினேன். ஜோசப்பின் சாப்பிடாமல் இருந்து உதயரூபனின் குறிப்புகளைப் பார்த்து மற்ற முப்பத்தேழு பெண்களுக்கும் அடைப்புக்குறி போட்டாள். அவள் அழுதுகொண்டே தட்டினாள். எனக்கு அழ நேரம் இருக்கவில்லை. மூன்றேகாலுக்கு ஓடியது. யாரும் இரண்டு தரம் வரவில்லை, யாரும் விடுபடவில்லை.

நிறுவனத்தில் பட்டியலை வாங்குகிறவர் மீராசாஹிப். ஏறாவூர்க்காரர், அமைதியான மனிதர். முப்பத்தேழையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி போட்டார். முப்பத்தெட்டாவதில் ஒரு பைலைத் திறந்து என் முறைப்பாட்டை எடுத்து, நான் அன்று கொண்டுபோன படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை இவர் கள்ளன் எண்டு எழுதியிருக்கீங்க. வெள்ளிக்கிழமை இவருக்கு வீடு குடுக்கணும் எண்டு எழுதியிருக்கீங்க. ரெண்டிலயும் உங்கட கையெழுத்து. நான் எத நம்புற தங்கச்சி?"

"செவ்வாய்க்கிழமை எழுதினது பிழை. நான் வாபஸ் வாங்குறன்."

"வாங்கலாம். ஆனா முறைப்பாடு எண்டு ஒண்டு வந்தா விசாரணை முடியாம நான் பேர் ஏத்த ஏலாது."

"அதுக்கிடையில பட்டியல் மூடிருமே!"

"ஓம். மூடிரும்."

கத்தினேன். மேசையில் அடித்தேன். அவர் பொறுமையாக இருந்தார். எல்லாம் கத்தி முடிய, பட்டியலில் முத்திரை குத்தினார். சுவர் மணிக்கூட்டில் நாலு மணிக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.

திங்கட்கிழமை உதயரூபன் கந்தோர்ச் சைக்கிளையும் பையையும் திருப்பிக் கொடுக்க வந்தார். அதே செருப்பு, அதே மண். சட்டைப் பையிலிருந்து முப்பத்தெட்டுப் பேரும் எழுதியிருந்த ஒரு கொப்பியை எடுத்தார்.

"வாசிங்க" என்றார்.

பட்டியலை வாசித்தேன். ஒவ்வொரு பேருக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தார். பதினொன்றாவது போட்டார். பன்னிரண்டாவது என் வாயால் வரவில்லை, பதின்மூன்றை வாசித்தேன். அவர் பேனா ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த வரிக்குப் போனது. முப்பத்தேழும் முடிந்ததும் கொப்பியை மூடினார்.

"என்ட கடிதத்தாலதான்" என்றேன். "விசாரணை முடிய ஏத்துவாங்க. நான் விடமாட்டன்."

"விசாரணை எப்ப முடியும்?"

"தெரியாது."

சைக்கிள் சாவியை என் மேசையில் வைத்தார். எறியவில்லை, மெதுவாகத்தான் வைத்தார்.

"என்ட மகளிட்ட வரும் எண்டு சொன்னது நீங்க. மூண்டு நாளா சுவருக்கு என்ன நிறம் எண்டு கேட்டுக்கொண்டு இருக்காள். வராது எண்டும் நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டன்."

"நீங்களும் வாங்க. ஒண்டாப் போவம்."

"நான் எதுக்கு? உங்கட கையெழுத்துத்தானே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அன்று பின்னேரமே பாதை ஏறினேன். ஆட்டோவில் வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். வேலிக்கு வெளியே நின்று கூப்பிடுவது, வெளியே நின்றபடியே சொல்வது, கடைசிப் பாதைக்கு நேரமாகிறது என்று திரும்பிவிடுவது. கடப்படிக்குப் போனதும் வாயைத் திறக்கவும் இல்லை, கஜானி கண்டுவிட்டாள். கொட்டிலுக்குள்ளிருந்து ஓடி வந்து குறுக்கே கிடந்த கம்பை இரண்டு கையாலும் தூக்கி ஒரு பக்கம் போட்டாள்.

"உள்ள வாங்க மிஸ்" என்றாள். பிறகு திரும்பிக் கத்தினாள்: "அப்பம்மா, வீட்டு மிஸ் வந்திருக்கா!"

நான் உள்ளே போனேன்.